‘இதுக்குப் போயி அழுவாவளா?’: பிள்ளைகளின் மனக்குறையை அளப்பது எப்படி?

தேர்வில் நினைத்த மதிப்பெண் வரவில்லையென்று அழும் மகளிடம், “சவத்த விடு மக்கா, இதுக்குப் போயி அழுவாவளா?” என்று சொல்லாத வீடு நாஞ்சில் நாட்டில் குறைவு. சொல்பவர் மனதில் இருப்பது பாசம்தான். ஆனால், ‘என் வருத்தம் யாருக்கும் பொருட்டில்லை’ என்று மகள் எடுத்துக்கொண்டால், அந்த மனக்குறையும் உண்மைதான். அதை அளக்கவும் வழி இருக்கிறது.

ஏன் அளக்க வேண்டும்?

அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் 1993இல் வெளியான தன் நூலில் இத்தகைய புறக்கணிப்பின் விளைவை விளக்கினார். இயல்பிலேயே எளிதில் கலங்கும் பிள்ளையின் உணர்வுகளைச் சுற்றியிருப்பவர்கள் தொடர்ந்து தள்ளிவிட்டால், தனக்கு என்ன நேர்கிறது என்பதையே அந்தப் பிள்ளையால் இனங்காண முடியாமல் போகும். ஒன்று, எல்லாவற்றையும் உள்ளே புதைக்கும். அல்லது, ஒரேயடியாக வெடிக்கும். வளரிளம் பருவத்தினரின் மனநலம் இங்கும் கவனிக்க வேண்டியதே: இந்தியாவில் 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகக் கண்டது.

எப்படி அளக்கிறார்கள்?

உளவியல் ஆய்வாளர்களான மெலிசா ஜீலின்ஸ்கி, ஜெனிஃபர் வெய்லியூ இருவரும் 2018இல் இதற்கென 10 கூற்றுகள் கொண்ட வினாத்தாளை வெளியிட்டனர். மனதில் உள்ளதைச் சொல்லும்போது மற்றவர்கள் அலட்சியப்படுத்துகிறார்களா, அப்படி உணர்வதே தப்பு என்று நினைக்கவைக்கிறார்களா என்ற வகையில் அவை அமைந்திருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதை 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். சிறுவயது நினைவுகளை அல்ல, இன்றைய நிலையையே இது கேட்கிறது. ஒரே வீட்டு அண்ணனும் தங்கையும் வெவ்வேறு மதிப்பெண் பெறலாம்; இருவர் சொல்வதும் சரிதான். இது நோயைக் கண்டறியும் சோதனையும் அல்ல.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்தால்?

நாகர்கோவில் மாணவிக்கும் தூத்தூர்க் கடற்கரை மாணவனுக்கும் புறக்கணிப்பு ஒரே வடிவில் வராது. 2017இல் ஒக்கிப் புயலில் அப்பாவைக் கடலில் இழந்த பையனிடம், “இனி நீதான் வீட்டுக்கு ஆம்பிள, அழக்கூடாது” என்று சொன்னால், அது பொறுப்பை ஒப்படைப்பதுபோலத் தோன்றும். அவன் துக்கத்துக்கோ இடமே இராது. அதனால் வினாக்களைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. இங்குள்ள பிள்ளைகளிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்க வேண்டும். இடைவெளி விட்டு மறுபடியும் கொடுத்து, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் கன்னியாகுமரி. வினாத்தாளை வாசிப்பதில் சிக்கல் இருக்காது. டீச்சர் பார்ப்பாரோ, அம்மா எட்டிப் பார்ப்பாரோ என்ற பயம்தான் விடைகளை மாற்றும். பெயர் எழுதாமல், தனியே உட்கார்ந்து நிரப்பும் ஏற்பாடு அவசியம்.

வினாத்தாளில் மதிப்பெண் கூடுதலாக வந்தால் மாற வேண்டியவர்கள் சுற்றியிருக்கும் பெரியவர்கள். பிள்ளை கேட்பதற்கெல்லாம் தலையாட்ட வேண்டுமென்பதில்லை. “வருத்தமாத்தான் இருக்கும்” என்று முதலில் ஒப்புக்கொண்டு, புத்திமதியைப் பிறகு சொல்லலாம். பள்ளிகள் இந்த வினாத்தாளைக் கையில் எடுக்கும் முன்பே, பேசுவதற்கு ஓர் ஆலோசகரை ஏற்பாடு செய்திருக்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் இரவு பகலாக இலவச ஆலோசனை கிடைக்கும்.