சிகிச்சை முடிந்த பிறகு மாறும் எடை: குழந்தைப் பருவப் புற்றுநோயைக் கடந்தவர்கள் அறிய வேண்டியவை

குழந்தைப் பருவத்தில் புற்றுநோய் கண்டு, சிகிச்சை பெற்று, நோயின்றி வளர்ந்து, இன்று கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் உருவாகியிருக்கிறது. வளமான நாடுகளில் புற்றுநோய் வரும் குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர். 2030-க்குள் உலகெங்கும் குறைந்தது 60 விழுக்காட்டுக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்ற இலக்கை உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வகுத்தது. ஆனால் பிழைத்தவர்களின் உடல் எடையில் பின்னாளில் ஏற்படும் மாற்றம், கோவை மாவட்டத்தின் ஆனைமலை வட்டாரத்துக் குடும்பங்களில் முதலில் 'பிள்ளை நன்றாகத் தேறிவிட்டது' என்ற மகிழ்ச்சியாகவும், சில ஆண்டுகள் கழித்து 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்ற வசையாகவும் பேசப்படுகிறதே தவிர, சிகிச்சையோடு தொடர்புடைய ஒரு மருத்துவ விளைவாகப் பேசப்படுவதில்லை. அந்த எடைக்குப் பிள்ளையும் பொறுப்பல்ல, ஊட்டிய தாயும் பொறுப்பல்ல என்பதே முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் புற்றுநோய், லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோய். இதற்கான சிகிச்சை இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் வரை நீள்கிறது. அதன் முதல் மாதத்தில் பிரெட்னிசோலோன் அல்லது டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து நாள்தோறும் தரப்படுகிறது; பராமரிப்புக் கட்டத்திலும் பல சிகிச்சை முறைகளில் மாதத்தில் சில நாட்கள் அது தொடர்கிறது. இம்மருந்து பசியைத் தூண்டி, தசையைக் கரைத்து, கொழுப்பை முகத்திலும் வயிற்றிலும் சேர்ப்பதால், நள்ளிரவில் எழுந்து சோறு கேட்கும் குழந்தை அடம்பிடிப்பதாக நினைப்பது தவறாகும். வின்கிறிஸ்டின் என்னும் மற்றொரு மருந்து கால் நரம்புகளைத் தாக்கிப் பாதத்தைத் தூக்க முடியாமல் செய்யக்கூடும். ஓடியாட முடியாத குழந்தை உட்கார்ந்த இடத்திலேயே இருந்து பழகிவிடுகிறது, அப்பழக்கம் மருந்து நின்ற பிறகும் எளிதில் விடுவதில்லை.

இவற்றினும் ஆழமான காரணம் தலைக்குத் தரப்படும் கதிர்வீச்சு. மக்கள் பேச்சில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லப்படுவது இதுதான். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி, பசியையும் நிறைவையும் உடலுக்கு உணர்த்துகிறது. அதை ஒட்டித் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கிறது. கதிர்வீச்சு இப்பகுதியைத் தொடும்போது, 'போதும்' என்று கொழுப்புத் திசு அனுப்பும் லெப்டின் என்னும் செய்தியை மூளை சரிவர ஏற்பதில்லை. வளர்ச்சி ஹார்மோன் குறையும்போது உயரம் நின்று இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு கூடுகிறது. 1970 முதல் 1986 வரை நோய் கண்டறியப்பட்டவர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த வட அமெரிக்க ஆய்வு, 20 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவும் அதற்கு மேலும் தலைக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம், குறிப்பாக ஐந்து வயதுக்கு முன் அதைப் பெற்ற பெண் குழந்தைகளிடம், பின்னாளில் உடற்பருமன் மிகுந்திருப்பதைக் காட்டியது.

இது தமிழ்நாட்டுக்கு அயலான செய்தி அன்று. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையமும், மும்பை டாடா நினைவு மருத்துவமனையும், தில்லி எய்ம்ஸும் 1980-களில் கையாளத் தொடங்கிய 'எம்.சி.பி. 841' என்னும் சிகிச்சை முறையில் தலைக் கதிர்வீச்சு ஒரு கூறாக இருந்தது. மூளைக்குள் ஒளிந்துகொள்ளும் நோயணுக்களை அழிக்க அன்று அது தேவைப்பட்டது. அதற்கு முன் பிழைக்க வாய்ப்பில்லாதிருந்த எத்தனையோ குழந்தைகளை அம்முறை பிழைக்க வைத்தது. பின்னர் வந்த முறைகளில் கதிர்வீச்சு குறிப்பிட்ட சிலருக்கு மட்டுமே என்று சுருங்கியிருப்பதால், இன்று முப்பதைக் கடந்த ஒருவர் பெற்ற சிகிச்சையும் இன்று பத்து வயதான ஒரு குழந்தை பெற்ற சிகிச்சையும் ஒன்றல்ல. எனவே இருவருக்குமான ஆபத்தும் ஒன்றாக இருப்பதில்லை.

எடை கூடுவது மட்டுமே ஆபத்து அன்று. எலும்பு மச்சை மாற்றத்துக்காக உடல் முழுவதும் கதிர்வீச்சு பெற்றவர்களும், சிறுநீரகக் கட்டிக்காக வயிற்றில் கதிர்வீச்சு பெற்றவர்களும் மெலிந்தே இருக்கக்கூடும். ஆனால் நீரிழிவு வரும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். டாடா நினைவு மருத்துவமனை, சிகிச்சை முடித்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கவே 1991-இல் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. அங்கு வந்தவர்களிடம் பருமன் மேலை நாடுகளைவிடக் குறைவாகக் காணப்பட்டாலும், மூளைக் கட்டியும் இரத்தப் புற்றும் கண்டவர்களிடமும் தலைக் கதிர்வீச்சு பெற்றவர்களிடமும் அது கூடுதலாகவே இருந்தது. ஆனைமலையின் டாப்சிலிப் பகுதியில் உள்ள காடர், மலசர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வரும் ஒரு பிள்ளை ஒல்லியாக இருப்பதைக் கண்டு, பருமன் இல்லாததால் பரிசோதனையும் வேண்டாம் என்று முடிவுகட்டுவது பிழையாகும்.

எடைக்கருவி காட்டும் எண்ணும் முழு உண்மையைச் சொல்வதில்லை. தசை குறைந்து கொழுப்பு கூடியிருப்பவரின் எடை இயல்பாகவே தோன்றும். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. கணக்கில் இந்தியப் பெரியவர்களுக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன் என்று கொள்வர். அதோடு இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். சுற்றளவு உயரத்தில் பாதிக்கு மேல் போனால், அதாவது 140 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 70 சென்டிமீட்டரைத் தாண்டினால், மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். தையல்காரரின் அளவு நாடா ஒன்றே இதற்குப் போதும். ஓராண்டாக உயரம் கூடாமை, பின்கழுத்தில் மென்பட்டுப் போன்ற கருமை, உறக்கத்தில் பலத்த குறட்டை, வயதுக்கு முன்பே பூப்பெய்துதல் ஆகியவையும் ஹார்மோன் சோதனை தேவை என்பதற்கான அறிகுறிகள். அச்சோதனையில் தெரியவரும் தைராய்டு குறைபாட்டை மாத்திரையால் சரிசெய்யலாம். வளர்ச்சி ஹார்மோன் ஊசி யாருக்கு ஏற்றது என்பதை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் கலந்தே தீர்மானிக்க வேண்டும்.

கொங்கு நாட்டின் பாசம் பெரும்பாலும் உணவாகவே வெளிப்படுகிறது. நோயிலிருந்து மீண்ட பிள்ளையைக் காண வரும் உறவினர் கையில் பேக்கரி பொட்டலமும், சர்க்கரை மிகுந்த சத்துபானத் தூள் டப்பாவும் இல்லாமல் வருவது அரிது. தென்னந்தோப்புகள் சூழ்ந்த ஊரில் தேங்காயை விலக்கச் சொல்வதால் பயனில்லை. மாறாகக் கொள்ளுப் பருப்பும், பச்சைப்பயறு கடைசலும், முட்டையும், கீரையும் தட்டில் கூடி, பஃப்ஸும் தேங்காய்ப் பன்னும் கிழமைக்கு ஒருமுறையாகக் குறைவதே நடக்கக்கூடிய வழி. பட்டினி போடுவதும், விளம்பரத்தைக் கண்டு எடை குறைக்கும் தூள் வாங்கிக் கொடுப்பதும் தீங்கானவை. உடற்பயிற்சி மிக நல்லது. ஆயினும் டானோருபிசின், டாக்சோருபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைத் தளர்த்தக்கூடியவை என்பதால், அவற்றைப் பெற்றவர்கள் ஜிம்மில் கனமான எடை தூக்கத் தொடங்குமுன் எக்கோ பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மேற்சொன்ன ஒவ்வொரு முடிவும், எந்த மருந்து எவ்வளவு ஏறியது, கதிர்வீச்சு எங்கே எத்தனை கிரே தரப்பட்டது என்ற விவரத்தையே சார்ந்திருக்கிறது. இங்குதான் உரிமை பற்றிய பேச்சு தொடங்குகிறது. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுங்குமுறைகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். அதே விதி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாத்தால் போதும் என்றும் கூறுகிறது. ஆகவே நான்கு வயதில் சிகிச்சை பெற்ற பெண், இருபது வயதில் கேட்கும்போது ஏடு இல்லாமலே போயிருக்கலாம். சிகிச்சை முடியும் நாளிலேயே, நோயின் பெயர், மருந்துகளின் மொத்த அளவு, கதிர்வீச்சின் இடமும் அளவும், அறுவை சிகிச்சை, இனி செய்ய வேண்டிய சோதனைகள் ஆகியவை அடங்கிய சுருக்கத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஏனெனில் அது ஒருமுறை படுக்கையில் சேர்ந்ததைப் பற்றியே பேசும். தர மறுக்கும் அரசு மருத்துவமனையிடம் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். தனியார் எனில் தமிழ்நாடு மருத்துவக் கழகத்திடமும், கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திடமும் முறையிடலாம்.

செலவும் தொலைவும் அடுத்த தடைகள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஆண்டுதோறும் கோவைக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலும், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளரிடமும் அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டியவர்களுக்கு, மறுபரிசோதனைப் பயணத்துக்கும் உரிய சான்றிதழோடு ரயில் கட்டணச் சலுகை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பொள்ளாச்சி நிலையத்தில் ஏறுவோர் இதைக் கேட்டுப் பெறலாம்.

பெண்ணுக்குத் திருமணம் பேசும்போது பழைய நோயை மறைத்துவிடும் வழக்கம் இருப்பதால், கருவுற்றபின் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யும்போதும் அச்செய்தி சொல்லப்படுவதில்லை. இதயத்தைத் தளர்த்தும் மருந்து பெற்றவர்களுக்குக் கருக்காலத்தில் எக்கோ பரிசோதனை தேவை; எடை கூடியவர்களுக்குக் கருக்கால நீரிழிவுச் சோதனை தவறக் கூடாது. உறவினர் அறியாமல் பழைய நோயை மருத்துவரிடம் தனியே சொல்ல ஒரு பெண்ணுக்கு முழு உரிமை உண்டு; அவர் சொன்னதை அவரது ஒப்புதலின்றிக் கணவர் வீட்டாரிடம் வெளியிடுவதை, சட்டம் குறிப்பிடும் சில விதிவிலக்குகள் தவிர, அதே 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் மருத்துவருக்குத் தடைசெய்கின்றன.