தீ முந்தட்டும், வாயு பிந்தட்டும்

"அடுப்பு மூட்டுவதற்கும் ஒரு படிப்பா?" என்று சிலர் கேட்கலாம். சென்ற ஐப்பசி வரை நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அம்மாதத்து அடைமழையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்த நிகழ்ச்சியே எங்கள் எண்ணத்தை மாற்றியது.

தோழியின் பாட்டி விறகடுப்பில் சமைத்துப் பழகியவர். அன்று அவர் வீட்டில் தனியாக இருந்தார். லைட்டர் வேலை செய்யவில்லை. கேஸ் அடுப்பின் திருகைத் திறந்து வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடி எடுத்தார். குச்சிகளோ மழை ஈரத்தில் நமுத்திருந்தன. முதல் குச்சியின் மருந்து உதிர்ந்தது. இரண்டாவது சீறி அணைந்தது. மூன்றாவது பற்றியதும் 'குப்'பென்று தீப்பிழம்பு எழுந்தது. பாட்டியின் புருவங்கள் கருகின. வலக்கையில் கொப்புளங்கள் கண்டன. இறையருளால் கண்கள் தப்பின. நாங்கள் பார்க்கச் சென்றபோது, "அறுபது வருஷமா அடுப்பு மூட்டுறவ நான். எனக்கா மூட்டத் தெரியாது?" என்று பாட்டி கண் கலங்கினார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடினோம். பாட்டிக்கு அடுப்பு மூட்டத் தெரியும் என்பது உண்மையே. அவர் கற்ற முறைதான் இந்த அடுப்புக்குப் பொருந்தவில்லை. விறகடுப்பில் முதலில் சுள்ளியை அடுக்கி, அதன்பின் நெருப்பு வைக்கிறோம். மண்ணெண்ணெய் அடுப்பிலும் திரி எண்ணெயில் ஊறிய பிறகே பற்ற வைக்கிறோம். இவற்றில் எரிபொருள் முன்னே, தீ பின்னே. விறகும் எண்ணெயும் வைத்த இடத்தில் இருந்து தீக்குச்சிக்காகக் காத்திருக்கும். வாயு காத்திராது, திறந்த நொடியிலேயே வெளியேறிப் பரவும். ஆகவே கேஸ் அடுப்பில் அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். தீ முன்னே, வாயு பின்னே!

இதற்கான காரணத்தை அறிவியல் விளக்குகிறது. வீட்டுச் சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. அழுத்தத்தால் திரவமாக்கி, 14.2 கிலோகிராம் அளவில் அதனை அடைத்துத் தருகிறார்கள். 1 லிட்டர் திரவம் வெளியே வந்தால் ஏறத்தாழ 250 லிட்டர் வாயுவாக விரியும். இவ்வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. எனவே புகையைப் போல மேலே போகாமல் மேடையிலும் தரையிலும் தங்கிவிடும். நூறு பங்கு காற்றில் ஏறத்தாழ 2 பங்கு வாயு கலந்தாலே அது தீப்பற்றும். பெரிய பர்னரைத் திறந்து அரை நிமிடம் சும்மா விட்டால் அரை லிட்டருக்கு மேல் வாயு வெளிவரும். அது காற்றோடு கலந்தால் இரண்டு குடம் அளவுக்கு எரியக்கூடிய கலவை உண்டாகும். பாட்டியின் முன்னே மூன்றாவது குச்சிக்காகக் காத்திருந்தது இதுவே!

இனி, தீக்குச்சியால் அடுப்பைப் பற்ற வைக்கும் முறையைக் காண்போம்.

முதலாவது, சமையலறைச் சன்னலையும் கதவையும் திறந்து, வாயு நாற்றம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். நாற்றம் இல்லையெனில், காற்றில் குச்சி அணையாதபடி மின்விசிறியை நிறுத்தலாம். கூந்தலை முடிந்து, துப்பட்டாவையோ சேலைத் தலைப்பையோ இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். நைலான் போன்ற துணிகள் தீயில் உருகி உடலோடு ஒட்டும். சமையலறைக்குப் பருத்தியே ஏற்றது.

இரண்டாவது, பர்னர் மேல் பாத்திரம் இருந்தால் எடுத்துவிட வேண்டும். பாத்திரத்தின் அடியில் வாயு தேங்கும். அடுப்பின் எல்லாத் திருகுகளும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்த பின்பே ரெகுலேட்டரைத் திறக்க வேண்டும்.

மூன்றாவது, குச்சியை உரசி, சுடர் நிலைத்ததும் தீப்பெட்டியை மூடித் தள்ளி வைக்க வேண்டும். அடுப்பின் மேல் குனியாமல் பக்கவாட்டில் நின்று, சுடரைப் பர்னரின் ஓரத்தில் பிடிக்க வேண்டும். அதன் பிறகே மறு கையால் திருகை அழுத்தித் திறக்க வேண்டும். உடனே நீலச் சுடர் வட்டமாகப் பற்றிக்கொள்ளும். எரிந்த குச்சியைக் குப்பைக்கூடையில் எறியாமல் சிறு கிண்ணத் தண்ணீரில் போடுவது நலம்.

நான்காவது, மூன்று நான்கு நொடிகளில் பற்றாவிட்டால் திருகை உடனே மூட வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. திருகைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த குச்சியைத் தேடவே கூடாது. சன்னலும் கதவும் திறந்திருக்க, ஐந்து நிமிடம் பொறுத்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். லைட்டருக்கும் இதே விதிதான். லைட்டரைப் பர்னர் அருகே வைத்த பின்னரே திருகைத் திறக்க வேண்டும். இரண்டு மூன்று சொடுக்கில் பற்றாவிட்டால் மூடிவிட வேண்டும்.

கிறிஸ்துமஸ் கேக் சுடும் கேஸ் ஓவனுக்கும், இறைச்சி வாட்டும் கேஸ் கிரில்லுக்கும் இன்னும் அதிகக் கவனம் தேவை. அவை மூடியுள்ள பெட்டிகள். கதவோ மூடியோ சாத்தியிருக்கும்போது வாயுவைத் திறந்தால் அது உள்ளேயே நிறையும். பிறகு தீ காட்டினால் வெடிக்கும். ஆகவே முதலில் மூடியை முழுவதும் திறந்து வைக்க வேண்டும். நீண்ட தீக்குச்சியைப் பர்னர் அருகே பிடித்து, பிறகே வாயுவைத் திறக்க வேண்டும். பற்றாவிட்டால் வாயுவை மூடிவிட்டு, மூடியைத் திறந்தபடியே ஐந்து நிமிடம் விட வேண்டும்.

இவ்வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை. கசிவை நாம் அறிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் தீக்குச்சியைத் தொடவே கூடாது. மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். திருஇருதயப் படத்தின் முன் மெழுகுவர்த்தி எரிந்தால் அதை அணைக்க வேண்டும். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துச் சென்ற பிறகே தொலைபேசியைத் தொட வேண்டும். 1906 என்ற அவசர எண் இரவும் பகலும் உதவும்.

இரவில் சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூட வேண்டும். குழாயில் எஞ்சிய வாயு எரிந்து சுடர் தானே அணையும். அதன்பின் அடுப்பின் திருகையும் மறவாமல் மூட வேண்டும். ரப்பர் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வெடிப்புக் கண்டால் அப்போதே மாற்ற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தீப்புண் பட்டால், மையோ பற்பசையோ வெண்ணெயோ தடவாமல், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டி மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஆடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும்.

இந்தியாவில் இண்டேன் கேஸின் முதல் இணைப்பு 1965ஆம் ஆண்டு கொல்கத்தாவில் வழங்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் மூலம் ஏழைக் குடும்பங்களின் பெண்களுக்கும் இணைப்புகள் கிடைத்தன. புகையில் கண் எரிந்த தாய்மார்களுக்கு இது பெரும் விடுதலை. ஆனால் அடுப்பு வந்த வேகத்தில் அதைப் பற்ற வைக்கும் அறிவும் வந்து சேர்ந்ததா? நம் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் உள்ள பெரியவர்களுக்கு இதைப் பொறுமையோடு எடுத்துச் சொல்வது, படிக்கும் நம் கடமையன்றோ?

நாங்கள் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில், "தீ முந்தட்டும், வாயு பிந்தட்டும்" என்று எழுதி, பாட்டியின் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் ஒட்டினோம். பாட்டி அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "அப்போ நான் மறந்துபோகலை, புதுசாத்தான் படிக்கணும்" என்று சிரித்தார். இப்போது குச்சி எரிவதைக் கண்ணால் கண்ட பிறகே திருகில் கை வைக்கிறார்.

விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னியர் உவமையை நாம் அறிவோம். ஐவரை முன்மதியுடையோர் ஆக்கியது முன்னேற்பாடு ஒன்றே. அந்த முன்மதி நம் இல்லத்து அடுப்படியிலும் விளங்கட்டும்!