இனிய திராட்சரசமும் திருவிருந்துப் பாத்திரமும்

திருவிருந்துக்கு இனிப்பு மிகுந்த திராட்சரசமே தகுதியானது என்னும் எண்ணம் நம் சபைகளில் வேரூன்றியுள்ளது. அவ்வினிப்பு எவ்வாறு உண்டாகிறது, அதனோடு எவ்வளவு மதுசாரம் சேர்ந்து வருகிறது என்பதை நம்மில் பலர் ஆராய்வதில்லை.

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மதுசாரமாக மாற்றுகிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை செலவாகும்போது 1 சதவீத மதுசாரம் உண்டாகிறது. நொதித்தல் முற்றுப்பெற்றால் இனிப்பு பெரும்பாலும் எஞ்சாது. ஆகவே இனிய இரசம் வேண்டுவோர் ஒன்று சாற்றின் சர்க்கரையைத் தொடக்கத்திலேயே செறிவாக்க வேண்டும், அல்லது நொதித்தலை இடையில் நிறுத்த வேண்டும். ஹங்கேரியின் டோக்காய், பிரான்சின் சோட்டேர்ன் ஆகியவை முதல் வழியைச் சார்ந்தவை. அங்கே ஒருவகைப் பூசணம் பழத்தின் நீரை வற்றச் செய்கிறது.

இரண்டாம் வழிக்குச் சிறந்த சான்று போர்ட். போர்த்துகல் தேசத்து டூரோ பள்ளத்தாக்கில் விளையும் இவ்விரசத்திற்கு 1756ஆம் ஆண்டிலேயே எல்லை வகுத்தனர். பாதி நொதித்த சாற்றில் 77 சதவீத மதுசாரமுள்ள திராட்சைச் சாராயத்தை வார்க்க, ஈஸ்ட் மடிகிறது. லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை எஞ்சுகிறது. மதுசாரமோ 19 முதல் 22 சதவீதம்! மரப்பீப்பாயில் நெடுங்காலம் முதிர்ந்தது டானி எனப்படும். அதில் செந்நிறம் மங்கி, உலர்ந்த பழம், கொட்டைப்பருப்பு ஆகியவற்றின் மணம் தோன்றும். ஆண்டுகள் பல புட்டியில் கிடக்கும் வகையில் வண்டல் படியும். அதை மெதுவாக வேறு கலத்திற்கு மாற்றியே பரிமாறுவர். எரேமியா 48:11இல் மோவாபைக் குறித்த உருவகம் இத்தொழிலை அறிந்தவருக்கு எளிதில் விளங்கும்.

சுவையை மதிப்பிடுவோர் இனிப்பை மட்டும் நாடுவதில்லை. அதைத் தாங்கி நிற்கும் புளிப்பையும் தேடுகிறார்கள். புளிப்பில்லாத இனிய இரசம் வெல்லப்பாகேயன்றி வேறன்று.

மயிலாடும்பாறைக்கு மேற்கே, மலைக்கு அப்பால், கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனமாகும். 2023ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நறுமணம் அருமையானது. ஆயினும் சர்க்கரை அளவு மிதமானதே. எனவே வீட்டில் இரசம் போடுவோர் சர்க்கரையைக் கூட்டிச் சாடியில் மூடி வைக்கின்றனர். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையையும் உண்டு மதுசாரத்தைப் பெருக்குகிறது; எஞ்சிய இனிப்பு அதன் காரத்தை மறைத்துவிடுகிறது. 'இனிப்புதானே, போதை ஏது?' என்பார் உண்டு. அப்போஸ்தலர் 2:13இல் பரியாசக்காரர் கூறும் கிரேக்கச் சொல் 'கிளியூக்கோஸ்'. இனிய திராட்சரசம் என்பதே அதன் பொருள். அதனால் வெறிகொள்ளக்கூடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

குடியை விட்டு மீண்ட ஒரு சகோதரன் பீடத்தண்டை முழங்காற்படியிடும்போது இது ஆராய்ச்சிப் பொருளாக மட்டும் நில்லாது. ஒரு மிடறே அவனை மீண்டும் பழைய வழிக்கு இழுக்கலாம். அத்தகையோர் உள்ள சபையில் நொதிக்காத சாற்றையே அனைவருக்கும் வழங்குதல் நலம் என்பது நம் கருத்து. அவனுக்கு மட்டும் தனிக் கிண்ணம் கொடுப்பது அவனைச் சபைமுன் அடையாளங்காட்டுவதாகும். 1869ஆம் ஆண்டில் அமெரிக்க மெதடிஸ்டாகிய தாமஸ் வெல்ச் சாற்றைச் சூடாக்கி நொதிக்காமல் காத்தது இத்தேவைக்காகவே. பன்னீர் திராட்சைச் சாற்றையும் அவ்வாறே 80 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, வெந்நீரில் கழுவிய புட்டிகளில் சூட்டோடு அடைக்கலாம். திறந்த புட்டியை மறு ஞாயிறுவரை வெளியில் வைத்தலாகாது. ஈஸ்ட் மீண்டும் தன் வேலையைத் தொடங்கிவிடும்.