பழைய டிராக்டர் கியர் பாக்ஸ்: பேரிங் எண்ணை முழுதாகப் படித்து வாங்குங்கள்

கியர் பாக்ஸைப் பிரித்து வேலை பார்த்த பழைய டிராக்டர், அடுத்த உழவுக்குள் மீண்டும் இரையத் தொடங்கினால் மெக்கானிக்கைத்தான் குறை சொல்கிறோம். அளவை மட்டும் பார்த்து வாங்கிய பேரிங்கும் காரணமாக இருக்கலாம்.

கழற்றிய பேரிங்கைத் தூக்கி எறியாதீர்கள். டீசலில் கழுவி, வளையத்தின் பக்கவாட்டில் உள்ள எண்ணை, பின்னால் வரும் எழுத்துகளோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். 6306 என்றால் கடைசி 06-ஐ 5-ஆல் பெருக்குங்கள். உள்விட்டம் 30 மி.மீ. 04-லிருந்து இந்தக் கணக்கு சரிவரும். 6206-க்கும் உள்விட்டம் 30 மி.மீ.தான். ஆனால் அதன் வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ. 6306-க்கு 72, 19. பளு தாங்குவதும் இதுவே அதிகம்.

ஏமாறுவது பின்னெழுத்தில்தான். ‘சி3’ என்றால் குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே வழக்கத்தைவிடக் கூடுதல் இடைவெளி. அந்த இடத்தில் சாதாரண பேரிங்கைப் போட்டால் சூட்டில் விரிந்து இறுகிவிடும். ‘என்ஆர்’ என்றால் வெளிவளையத்தில் காடி வெட்டி ஸ்னாப் ரிங் மாட்டியிருக்கும். பேரிங் நகராமல் பிடிப்பது அந்த ரிங்தான். ‘2ஆர்எஸ்’ இருபுறமும் ரப்பர் சீல் வைத்தது. தூசி புகாது என்று கடையில் சொல்வார்கள். பம்ப்செட் மோட்டாருக்குச் சரி. கியர் ஆயிலில் ஓடும் திறந்த பேரிங்குக்குப் பதிலாக வேண்டாம். சீல் ஆயிலையும் உள்ளே விடாது.

டேப்பர் ரோலர் பேரிங் என்றால் உள்பகுதி, வெளிக்கப் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கப்பில் புது ரோலர் ஓடினால் சீக்கிரம் தேயும். ஷிம்மையும் புதிதாக அளந்து போட வேண்டும்.

வெளிநாட்டில் செய்த மிகப் பழைய வண்டிகளில் அங்குல அளவு பேரிங் இருக்கலாம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. 25 மி.மீ. பேரிங்கை ஏற்ற ஷாஃப்டைத் தேய்க்கவோ, லூசான இடத்தில் பஞ்ச் அடித்து இறுக்கவோ விடாதீர்கள். பேரிங் கிடைக்கும், அந்த ஷாஃப்ட் கிடைப்பது கடினம்.

ஷாஃப்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழும். பிரஸ் இல்லையென்றால் எண்ணெயில் சுமார் 100 டிகிரி வரை சூடாக்கி ஏற்றலாம். கேஸ் தீயில் நேரடியாகக் காட்டக் கூடாது.

புது ஆயில் ஊற்றும் முன் பெட்டியின் அடியில் தங்கிய இரும்புத் துகளை முழுதாக வழித்து எடுத்துவிடுங்கள்.