மரக்கவாத்துக்கு உகந்த கயிறும் பிடிமுடிச்சும்

ஏலத்தோட்டங்களில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், மே மாதவாக்கில், நிழல்மரங்களின் கொம்புகளைக் கழித்து வெளிச்சம் விடுவது வழக்கம் என்பது போடிநாயக்கனூர்ப் பக்கத்து விவசாயிகள் யாவரும் அறிந்ததே. அதற்குச் சற்று முன்பின்னாகவே குரங்கணி, முந்தல் சரிவுகளில் இலவங்காய் பறிப்பும் நடைபெறுகிறது. இவ்விரண்டு வேலைக்கும் ஆட்கள் உயர்ந்த மரங்களில் ஏற வேண்டியிருக்கிறது. எந்த மரத்தில் எத்தனை கொம்பு கழிப்பது என்று விசாரிக்கும் மிராசுதாரர்கள் பலர், ஏறுகிறவன் எந்தக் கயிற்றை நம்பி ஏறுகிறான் என்று விசாரிப்பதில்லை. மாட்டுக்குத் தும்பு வாங்கும்போது நாலு தடவை இழுத்துப் பார்க்கிற நாம், மனிதன் தொங்கும் கயிற்றுக்கு வீட்டில் கிடந்ததையே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

நம்மவர் வழக்கம், இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி அதன் மறுமுனையைக் கொம்பில் முடிவது. கொம்பு விட்டுக் கொம்பு போகும்போதெல்லாம் அதை அவிழ்க்க வேண்டும். நாளில் நாற்பது தடவை அவிழ்த்துக் கட்ட எவனுக்கும் பொறுமை இராது. ஆகவே அவன் கட்டாமலே நகர்கிறான், விழுவதும் அப்போதுதான். இக்குறையை நீக்குவது பிடிமுடிச்சு. பாரம் ஏறினால் இது கயிற்றை இறுகப் பற்றும். பாரத்தை எடுத்துக் கையால் தள்ளினால் நகரும். எனவே மரத்தில் இருக்கும் நேரம் முழுவதும் கயிற்றை அவிழ்க்க வேண்டியதில்லை.

இவற்றுள் பிரசித்தமானது, ஆஸ்திரியா தேசத்து மலையேறியான கார்ல் பிரூசிக் 1931-ல் வெளியிட்ட முடிச்சு. மெல்லிய கயிற்றை வளையமாக முடிந்து, அதைப் பிரதானக் கயிற்றின்மேல் மூன்று முறை உள்நுழைத்துச் சுற்றுவர். பாரம் விழும்போது சுற்றுகள் பிரதானக் கயிற்றை நெருக்கி வளைக்கின்றன. வளையக் கயிறு பிரதானக் கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் இந்நெருக்கம் உண்டாகும். பிரதானக் கயிற்றின் கனத்தில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு வரை இருப்பது உசிதம். 12 மில்லிமீட்டர்க் கயிற்றுக்கு 8 மில்லிமீட்டர் வளையம் என்று கொள்ளலாம். இரண்டும் ஒரே கனமானால் முடிச்சு வழுக்கும். மிக மெல்லியதானாலோ பிடி இறுகி அசையாது போவதுடன் கயிற்றின் பலமும் குறையும்.

கனம் சரியாயிருந்தாலும் நார் சரியாக இராவிட்டால் பிரயோஜனமில்லை. கடைவீதியில் மஞ்சளும் நீலமுமாகத் தொங்கும் பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் நாரால் ஆனது. அது வழவழப்பானது, வெயிலில் நைந்துபோவது, எல்லாவற்றுக்கும் மேலாக, உராய்வுச் சூட்டைத் தாங்காதது. பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரி சென்டிகிரேடிலும், பாலிஎத்திலீன் அதற்கும் குறைந்த சூட்டிலும் உருகும். நைலான், பாலியெஸ்டர் நார்களோ 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில், புதிய நைலான் கயிற்றின்மேல் அதே கனமுள்ள நீலக்கயிற்றுத் துண்டால் முடிச்சிட்டு ஒருவர் ஏறியதை நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது முடிச்சு பிடிக்காமல் இரண்டு ஆள் உயரம் சறுக்கி, ஒரு கவட்டையில் கால் தங்கியதால் நின்றது. உள்ளங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. முடிச்சை அவிழ்த்துப் பார்த்தால் உட்புறம் கண்ணாடிபோல் உருகியிருந்தது. அன்று ஏறுமுன் அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பாராதது என் பிசகு.

நைலான் நனைந்தால் பலம் சற்றுக் குறையும், நீளவும் செய்யும். பாலியெஸ்டருக்கு இந்தத் தோஷம் மிகக் குறைவு. ஆதலால் பனியும் தூறலும் ஓயாத மேல்மலைக்குப் பிரதானக் கயிறு பாலியெஸ்டர் கலந்ததாயிருப்பது சிலாக்கியம். தேங்காய்நார்க் கயிறும் கத்தாழைநார்க் கயிறும் மூட்டை இழுக்கட்டும். ஈரத்தில் உள்ளே மக்கி வெளியே நன்றாய்த் தோன்றும் கயிற்றில் ஆள் தொங்கலாகாது.

ஒரே கயிற்றை வைத்திருப்பவருக்கும் ஒரு வழி உண்டு. கயிற்றைப் பலமான கவட்டையின் மேலே போட்டு, ஒரு முனையை இருக்கைப்பட்டையில் கட்டி, மிஞ்சிய வாலினாலேயே இறங்கிவரும் பகுதியின்மேல் பிடிமுடிச்சு இடுவது அது. இதற்குப் பிளேக் முடிச்சு உகந்தது. வாலைக் கீழிருந்து மேலாக நான்கு சுற்றுச் சுற்றுக. முதலிரண்டில் பெருவிரலையும் சேர்த்துச் சுற்றுக. பிறகு நுனியைக் கீழே கொணர்ந்து, பட்டையிலிருந்து வரும் பகுதிக்கு முன்னும் பிரதானக் கயிற்றுக்குப் பின்னுமாகச் செலுத்திப் பெருவிரல் இருந்த வழியே வெளியே இழுத்து, நுனியில் தடைமுடிச்சு ஒன்று இடுக. இது ஒரே கனமுள்ள கயிற்றிலும் பிடிக்கும். இம்முறையில் ஆளின் பாரத்தில் ஏறக்குறைய பாதியே முடிச்சில் விழுகிறது. ஒற்றைக் கயிற்றில் தொங்கினால் முழுப் பாரமும் விழுமாதலால், வெறும் பிடிமுடிச்சைக் கொண்டு அதில் வேகமாய் இறங்குவது ஆபத்து. ஏட்டில் படித்ததை மாத்திரம் கொண்டு ஏற வேண்டாம். அறிந்தவரிடம் தரையில் நின்று பழகுக.

பிடிமுடிச்சு விழுந்தவனைத் தாங்கிக்கொள்ளும் என்று எண்ணுவது தவறு. கயிறு எப்போதும் தளராதிருக்க வேண்டும். அரிவாள் வீசும்போது அடிமரத்தைச் சுற்றி இரண்டாவது கட்டும் வேண்டும். ஒரு கயிறு வெட்டுப்பட்டால் மற்றது காக்கும். கீழே இன்னொருவர் இன்றி எவரும் ஏறலாகாது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் நடத்திய பயிற்சிகளில் கற்பித்த ஏறுகருவி, கிளையில்லாத ஒற்றை மரத்துக்கே பொருந்தும். கவட்டை பல உள்ள பலாவிலும் சந்தனவேம்பிலும் பயன்படாது.

புதுக்கயிறு வாங்கினவுடன் முழங்காலளவு உயரத்தில் முடிச்சிட்டு, ஏறுகிற ஆளையே ஐந்து நிமிஷம் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். பின் கயிற்றை நனைத்து மறுபடியும் பார்க்க வேண்டும். வழுக்கினால் ஒரு சுற்றுக் கூட்டுக. அப்படியும் வழுக்கினால் வளையக் கயிற்றை மாற்றுக. தோட்டங்களைப் பார்வையிடும் கிராம அதிகாரிகள் கவாத்துக்கு முன் இச்சோதனை நடந்ததா என்று கேட்பது நலம்.

கயிற்றைப் போர்டோக் கலவைக்கான மயில்துத்தம், சுண்ணாம்பு உள்ள அறையிலும், பாட்டரித் திராவகத்தின் அருகிலும் வைக்கலாகாது. வளையத்தில் பளபளப்போ கெட்டிப்போ தோன்றினால் அன்றே தள்ளுக. தள்ளிய கயிற்றைத் துண்டுதுண்டாய் வெட்டிவிட வேண்டும். முழுசாய் வைத்தால் அடுத்த மே மாதம் எவரேனும் அதை எடுத்துக்கொண்டு மரமேறுவர். கன்றுக்குட்டி கட்ட அந்தத் துண்டுகள் போதும்.