இரவல் தணல்

உடப்புசல்லாவைக் குளிரில், ஈர மிலாறை வைத்து விடியக் காலை அடுப்பு மூட்டியவர்களுக்குத் தெரியும்: முதலில் புகைதான் வரும். ரொட்டி சுடுகிற அளவுக்குத் தீ எழ நேரமெடுக்கும். ஆனால் முதல்நாள் இரவே தணலைச் சாம்பலால் மூடி வைத்திருந்தால், ஊதுகுழலால் நாலு ஊது போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

புள்ளத்தாச்சிக்குப் போடும் ஏற்பு ஊசியும் இப்படித்தான். முதல் ஊசிக்கு உடம்பு மெதுவாகத்தான் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும். தணல் மட்டும் உள்ளே கிடக்கும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து வரும் இரண்டாவது ஊசிதான் ஊதுகுழல். முன்பு ஊசி போடாத தாய்க்கு முதல் கர்ப்பத்தில் இரண்டு ஊசி போடுவது இதற்காகத்தான்.

பக்கத்துக் காம்பராவுக்குச் சிரட்டையில் தணல் கொடுப்பதுபோல, நச்சுக்கொடி வழியே, பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில், தாயின் எதிர்ப்புப் பொருள் பிள்ளைக்குப் போகிறது. போவது தணல்தான், விறகல்ல. சில மாதங்களில் அவிந்துவிடும். அதனால்தான் இரண்டாம் மாதத்திலேயே பிள்ளைக்குத் தனியாக ஊசி தொடங்குகிறது.

அதுவரை அந்த இரவல் தணல் எதைத் தடுக்கிறது? ஏற்புக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும். அழுக்குக் கத்தியால் வெட்டிய தொப்புள்கொடி வழியே நுழையும். இரண்டு மூன்று நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, வாய் இறுகி, சூப்ப முடியாமல் விறைத்துப்போகும். இலங்கையில் கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி 1969இல் தொடங்கியது. 2016இல், தென்கிழக்காசிய வட்டாரம் முழுவதிலும் தாய், சிசு ஏற்பு ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மண்ணில் கிருமி அப்படியேதான் இருக்கிறது.

"வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு வெஷத்த ஏத்தலாமா?" என்று கேட்கும் அம்மாயிக்கு மரவள்ளியைக் காட்டுங்கள். பச்சையாகத் தின்றால் நஞ்சு. மூடியைத் திறந்துவைத்து அவித்து, நீரை வடித்தால் சாப்பாடு. கிருமி கக்கும் நஞ்சை ஃபோர்மலினில் பக்குவப்படுத்தினால் கொல்லும் குணம் போய், உருவம் மட்டும் மிஞ்சும். உடம்பு அந்த உருவத்தை அடையாளம் பிடித்துவைத்துக்கொள்கிறது. ஊசிக்குள் உயிருள்ள கிருமியே இல்லை. வலுக்குறைத்த உயிர்க்கிருமி உள்ள ருபெல்லா ஊசியைக் கர்ப்பத்தில் போடாமல் தள்ளிவைப்பதும் இதே கவனத்தால்தான். கை வலிக்கலாம், லேசாகக் காயலாம். ஓரிரு நாளில் போய்விடும்.

பயத்தைவிட, "கிளினிக் போனா அரைப்பேர்தானே" என்ற கவலைதான் பலரைத் தயங்கவைக்கிறது என்று நினைக்கிறேன். நியாயமான கவலை. அந்தக் காலையை முழுப்பேராகப் போடுவதில் எந்தத் தோட்டமும் நொடித்துவிடாது. பன்னிரண்டு வாரம் கடந்ததும் முதல் ஊசி. கணக்குப்பிள்ளையிடம் முதல்நாளே சொல்லிவிட்டு, கிளினிக் கார்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.