கேட்காமல் விட்ட கேள்வி

இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் 32 ஆண்டுகள் கிளெய்ம் ஃபைல்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மார்ச் மாதம் வந்தால் வருமான வரிக் கணக்குக்காகவாவது எங்கள் மெடிக்ளெய்ம் பிரீமியத்தைத் தவறாமல் கட்டிவிடுவேன். ஆனால் 11 வருடமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் கள்ளக்குறிச்சிப் பக்கத்து அம்மாளிடம், "உங்களுக்கு ஏதாவது இன்சூரன்ஸ் உண்டா?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சென்ற குளிர்காலத்தில் அவர் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. கட்டட வேலைக்குப் போகிறவர். வலி பொறுக்காமல் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கம்மலை அடகு வைத்து, போதாததற்கு வட்டிக்கும் வாங்கிப் பில்லைக் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகே எனக்குத் தெரிந்தது. என் பேத்தி அவர்களுடைய ஆதார் எண்ணைக் கைபேசியில் போட்டுப் பார்த்தாள். ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் அந்தக் குடும்பத்தின் பெயர் இருந்தது!

"முன்னாடியே கேட்டிருக்கக் கூடாதா?" என்றேன்.

"அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானேம்மா கேக்கறதுக்கு?" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

கூலி வேலை செய்கிறவர்களுக்கு இன்சூரன்ஸில் நாட்டம் இல்லை என்று எங்கள் ஆபீசில் சொல்வதுண்டு. அது சரியல்ல. 1996-ல் ஜன் ஆரோக்ய பாலிசி வந்தது. பெரியவர் ஒருவருக்கு வருடம் 70 ரூபாய் கட்டினால் 5,000 ரூபாய்க்குக் காப்பீடு. 2003-ல் நாளுக்கு ஒரு ரூபாய் என்ற கணக்கில் 30,000 ரூபாய்க்கு இன்னொரு திட்டம். முதலில் கையிலிருந்து செலவழித்து, பில்லைக் கொடுத்து, பிறகு பணம் வாங்குவதுதான் அன்றைய பழக்கம். கையில் பணம் இருந்தால் அவர் ஏன் நம்மைத் தேடி வரப்போகிறார்?

2008-ல் வந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா இதை மாற்றியது. 30 ரூபாய் பதிவுக் கட்டணம், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30,000 ரூபாய், ஆஸ்பத்திரியில் அட்டையைக் காட்டினால் போதும். குடும்பத்தில் பாதிப் பேர் ஊரிலும் பாதிப் பேர் வெளியூரிலும் இருந்தால் அட்டையைப் பிரித்து வாங்கவும் வழி வைத்திருந்தார்கள். 2018 செப்டம்பரில் அதன் இடத்துக்கு ஆயுஷ்மான் பாரத் வந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய், பிரீமியம் இல்லை, ஆள் கணக்கும் வயது வரம்பும் இல்லை, பழைய வியாதிக்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. டில்லி 2025 ஏப்ரலில்தான் இதில் சேர்ந்தது.

ஆனாலும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஒருவருக்காவது மருத்துவக் காப்பீடு இருந்த குடும்பங்கள் 100-க்கு 41தான். பணம் கட்ட வேண்டாம் என்றாலும் தடை தீரவில்லை. பட்டியல் 2011 கணக்கெடுப்பை வைத்துத் தயாரானது. அன்று ஊரில் எழுதிய பெயர் இன்று டில்லியில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அடுத்தது நம் தமிழ்ப் பெயர்களுக்கே உரிய தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் ஓர் அட்டையில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் கணவர் பெயராகவே விரிந்து நிற்கும். பெயர் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். மறுபடி போனால் ஒரு நாள் கூலி போய்விடும். இரண்டு முறை அலைந்தவர் மூன்றாம் முறை போவதில்லை.

நம் குடும்பங்களுக்கு இரண்டொரு விஷயம் சொல்கிறேன். ஆயுஷ்மான் பட்டியலில் பெயர் இருந்தால், எந்த மாநிலத்தில் இருந்தாலும், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெறலாம். தமிழக முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மட்டும் உள்ளவர்கள், அது இங்கும் செல்லும் என்று எண்ணிவிட வேண்டாம். 14555 என்ற இலவச எண்ணில் முதலில் விசாரியுங்கள். ஆஸ்பத்திரியில் பணம் கட்டுவதற்கு முன்பே 'ஆரோக்கிய மித்ரா' மேஜையைத் தேடிப் போகவேண்டும். சேர்ந்து படுத்தால்தான் காப்பீடு. வெளிநோயாளியாகக் காட்டி மருந்து வாங்கும் செலவு நம்முடையதே. 2024 அக்டோபர் முதல், 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் அட்டை தருகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

எங்கள் வீட்டு அம்மாளுக்கு இப்போது அட்டை வந்துவிட்டது. பெயரைத் திருத்த நான்கு முறை அலைந்தோம். அந்த நான்கு நாள் கூலியை நான் கொடுத்தேன். அடகு போன கம்மல் இன்னும் திரும்பவில்லை.

அடுத்த முறை சம்பளம் கொடுக்கும்போது உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம், தெரு முனையில் இட்லிக் கடை வைத்திருப்பவரிடம், ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க 11 வருடம் ஆயிற்று.